ஐம்பத்தோராம் தெருவுக்கு ஒரு சவாரி

ரங்கூனில் அப்போது ஓடிய டாக்சிகளில் பாதி, ஜப்பான்காரன் போதும் என்று கழித்துவிட்ட வண்டிகள். ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கும். சாலையிலும் வலது பக்கமாகவே போவோம். அதனால் டிரைவர் உட்கார்ந்திருப்பது நடைபாதையை ஒட்டி. கை காட்டி நிறுத்துகிறவன் குனிந்தால் டிரைவரின் முகத்துக்கு நேராகத்தான் வந்து நிற்பான். பேரமெல்லாம் மூக்கும் மூக்கும் இடிக்கிற தூரத்தில் நடக்கும்.

"இது பெரிய வசதி வேலு" என்பார் சான் மியா அண்ணன். "வர்றவன் குடிச்சிருக்கானா இல்லையான்னு ஏறுறதுக்கு முன்னாலயே தெரிஞ்சிடும்."

ஐம்பத்தோராம் தெருவில் எங்கள் பெயிண்ட் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் அவர் குடும்பம் இருந்தது. அவரும் மனைவி கின் லே அக்காவும் மகள் தீரியும். அவருடைய டொயோட்டாவுக்குக் கத்தரிப்பூ நிறம். அந்த நிறத்தில் ஜப்பானில் வண்டியே செய்ததில்லை. எங்கள் கடையில் விலைபோகாத டப்பாக்களை ஒன்றாகக் கொட்டிக் கலக்கி, ஒரு வெசாக மாத விடுமுறையில் நானும் அவரும் தெருவிலேயே வைத்து அடித்தோம். தீரி அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை. எங்களுக்குத் தெரியாமல் பின் பம்பரில் தன் உள்ளங்கையைப் பதித்துவிட்டாள். அண்ணன் அதை அழிக்கவிடவில்லை.

வண்டிக்கு நான்கு கண்ணாடி, அவற்றை ஏற்றி இறக்க ஒரே ஒரு கைப்பிடி. மற்ற மூன்றும் எந்தக் காலத்திலோ உடைந்து போயின. மிச்சமிருந்த ஒன்றை அண்ணன் தன் முன்னாலேயே வைத்திருப்பார். "காத்து வேணுமா? இந்தாங்க" என்று தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டுவார். செருகிச் சுற்றிவிட்டுத் திருப்பித் தர வேண்டும். மறந்து பையில் போட்டுக்கொண்டு இறங்கியவர்களை அவர் தெருவில் துரத்திப் பிடித்த கதைகள் நிறைய உண்டு.

காலையில் தீரியைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத்தான் முதல் சவாரி. பிறகு அவள் கல்லூரிக்குப் போனபோதும் அப்படியே. லெடான் சந்திப்பில் பஸ்கள் குறுக்கே வந்து விழும். படியில் தொங்கும் கண்டக்டர்கள் கூரையைத் தட்டித் தட்டி, ஊர்ப் பெயர்களை ஒரே மூச்சில் கூவுவார்கள். அண்ணனுக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. "தொண்டையை வித்துப் பொழைக்கிற பயலுக" என்பார்.

அப்படி ஒரு பயலோடுதான் தீரி போனாள்.

பையன் பெயர் ஜோ துன். இன்செயின் பஸ்ஸில் கண்டக்டர். படிப்பு முடிய ஒரு வருஷம் இருக்கும்போது, ஒரு நாள் கல்லூரிக்குப் போன பெண் வீடு திரும்பவில்லை. இப்படி ஓடிப்போவதும், சில நாள் கழித்துப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு வந்து காலில் விழுவதும், பெற்றவர்கள் கொஞ்சம் திட்டிவிட்டு ஏற்றுக்கொள்வதும் பர்மியர் வீடுகளில் நடக்காத விஷயம் இல்லை. அவர்களும் வந்தார்கள். பையனின் மாமா ஒருவர் வாழைத்தாரும் தேங்காயுமாக முன்னால் வந்தார். முன்படியில் அவர்கள் ஏறும்போதே அண்ணன் பின்படியில் இறங்கிவிட்டார். தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்தவர், அவர்கள் போய்விட்டார்கள் என்று நானே போய்ச் சொன்ன பிறகுதான் எழுந்தார்.

"எதுக்குண்ணே இப்படி?" என்று கேட்டேன்.

"அதுங்க கும்பிட நான் உக்காந்து குடுத்தா சரின்னு சொன்னதா ஆயிடும். நான் சரின்னு சொல்லல."

அதற்குப் பிறகு அவர் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. கின் லே அக்காவுக்கு மட்டும் திடீரென்று பக்தி முற்றிவிட்டது. வாரத்தில் ஒரு நாளாவது ஏதாவது ஒரு பகோடாவுக்குப் போயாக வேண்டும். எல்லாப் பகோடாவும் இன்செயின் பக்கமாகவே இருந்தன. தீரிக்குப் பெண் குழந்தை பிறந்தபோது அக்கா இரவெல்லாம் பூஜையில் இருந்துவிட்டு வந்ததாகச் சொன்னார். அவர் உடம்பில் குழந்தைப் பவுடர் வாசனை.

அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை.

ததிஞ்சு பௌர்ணமிக்கு முந்தின நாள். மழைக்காலம் முடிந்து ஊர் முழுக்க விளக்கேற்றுகிற நேரம் அது. சின்னவர்கள் மெழுகுவத்தியும் பழமும் துணியும் எடுத்துக்கொண்டு பெற்றோரையும் ஆசிரியரையும் தேடிப்போய் விழுந்து கும்பிடுவார்கள். தெரு முழுக்கத் தலையில் கூடையோடு யாராவது யாரையாவது தேடிப் போய்க்கொண்டிருப்பார்கள். அந்த வட்டாரத்தில் போன் இருந்தது எங்கள் கடையில்தான். அதற்கும் முந்தின நாளே தீரி கூப்பிட்டிருந்தாள். அக்கா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு பேசினார்.

"நாளைக்கு மத்தியானத்துக்கு மேல வாங்க. அவரு விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவாரு. பாப்பாவுக்குக் குல்லா போட்டுக் கூட்டிட்டு வா."

வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, நீ எதுவும் கேக்கல."

"நான் பெயிண்ட் தின்னர் டப்பா எண்ணிக்கிட்டிருக்கேன்க்கா" என்றேன்.

அன்றைய சவாரிகளைப் பற்றி அண்ணன் பிற்பாடு பல தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். நான் பொதுவாக வருவதை மட்டும் சொல்கிறேன்.

விடிகாலையில் கெமண்டைன் சந்தையிலிருந்து பூக்காரி மா ஓன். வழக்கமான சவாரி. தாமரை மொட்டுக் கட்டுகள் பின் சீட்டை அடைத்துக்கொள்ள, அவள் முன்னால் ஏறிக்கொண்டாள். வெற்றிலை மெல்லாமல் அவளால் பேச முடியாது, பேசாமல் மெல்லவும் முடியாது.

"என்னண்ணே, மூஞ்சி தொங்குது? நாளைக்கு ஊரே கால்ல விழப்போகுது. உங்களைக் கும்பிட யாரும் வரலையா?"

"எனக்குப் பிள்ளைங்க கிடையாது."

"யாருகிட்ட? மக காலேஜ் சேர்ந்திருக்கான்னு எங்கிட்ட ரோசாப்பூ வாங்கிட்டுப் போனீங்களே!"

"அது வேற டிரைவரு."

"வேற டிரைவரு, இதே கத்தரிக்காக் காரு?" அவள் ஜன்னலுக்கு வெளியே சிவப்பாகத் துப்பினாள். "சரி சரி. நானும் எங்க வீட்டுக்காரரு செத்துட்டாருன்னு பாதி சந்தைக்குச் சொல்லி வச்சிருக்கேன். மனுஷன் நல்லா மூணு வேளை சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு."

இறங்கும்போது ஒரு தாமரையைப் பிடுங்கி வண்டியின் முன்னால் இருந்த சின்ன புத்தருக்கு வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்தது துறைமுகத்தில் ஏறிய கப்பல்காரன். முப்பது வயசு இருக்கும். பெட்டிகள் டிக்கியில் அடங்காமல் மடியிலும் ஒன்று. வடக்கு ஒக்கலாப்பாவில் அம்மா இருக்கிறாளாம், இவன் வருவது அவளுக்குத் தெரியாதாம். வழியெல்லாம் கால் ஆட்டிக்கொண்டே வந்தான். பயத்தை மறைக்கப் பேச்சு வேண்டியிருந்தது அவனுக்கு.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கண்ணே?"

பூக்காரியிடம் பட்டது போதும் என்று அண்ணன் இந்தத் தடவை வேறு மாதிரிச் சொன்னார். "ஒரு பொண்ணு. சிங்கப்பூர்ல நர்ஸு."

"அடடே! நான் இப்ப சிங்கப்பூர்லேருந்துதானே வர்றேன். எந்த ஆஸ்பத்திரி?"

"பெரிய ஆஸ்பத்திரி."

"அங்க நிறைய பெரிய ஆஸ்பத்திரி இருக்கே."

"அதுல இன்னும் பெருசு."

"போய்ப் பாத்தீங்களா?"

"எங்க! விடமாட்டேங்கிறான்."

"யாரு, விசாக்காரனா?"

"ஆமா" என்றார் அண்ணன். "விசாக்காரன்தான்."

வீட்டு வாசலில் அந்த அம்மாள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மகனைப் பார்த்ததும் எழுந்தாள். வந்தாள். காலில் கிடந்த செருப்பைக் கழற்றி அவன் தோளிலும் முதுகிலும் அடித்தாள். "போன்னு ஒண்ணு இருக்கு தெரியுமா? செத்தியா பொழைச்சியான்னு நான் யாரைக் கேப்பேன்?" அவன் பெட்டியை மார்பில் அணைத்தபடி அடியை வாங்கிக்கொண்டு நின்றான். கை ஓய்ந்ததும் செருப்பைக் கீழே போட்டு, காலில் மாட்டிக்கொண்டு, "உள்ள வா, சோறு ஆறுது" என்று போனாள்.

அண்ணன் பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு, வண்டியைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தாராம். "அந்தம்மாவுக்கு எவ்வளவு சுளுவா முடிஞ்சுபோச்சு பாரு வேலு. நானும் அன்னிக்கே ரெண்டு அறை விட்டிருந்தா தீர்ந்திருக்கும். நான் படியிறங்கித் தொலைச்சேன்."

மத்தியானம் தாம்வேயில் மீன்குழம்பு ஊற்றிய மொகிங்கா நூடுல்ஸ் சாப்பிட்டார். அதற்குப் பிறகு வானம் கறுத்தது. போகப்போகிற மழை போகும்போது சும்மா போகாது. மிச்சம் மீதியை எல்லாம் ஒரே நாளில் கொட்டிவிடும். லெடான் பக்கம் வரும்போது வைப்பர் இரண்டில் ஒன்று நின்றுவிட்டது. கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. நடைபாதை ஓரம் ஒரு குடை, குடைக்குள் துணி மூட்டையை நெஞ்சோடு சேர்த்த ஒரு பெண், குடைக்கு வெளியே முழுக்க நனைந்து கையை வீசும் ஒரு ஆள். அவ்வளவுதான் தெரிந்தது. அந்த மழையில் வண்டியின் நிறம் அவர்களுக்கும் தெரிந்திருக்காது. பிள்ளைக்காரி என்று நிறுத்தினார்.

அந்த ஆள் ஓடிவந்து குனிந்தான்.

"ஐம்பத்தோராம் தெரு, எவ்வளவுண்ணே?"

கேட்டவன் வாய் மூடவில்லை. மூக்குக்கு மூக்கு. ஜோ துன்னின் முகத்தை அண்ணன் அதுவரை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததே இல்லை. மேல் உதட்டில் மீசை சரியாகக்கூட முளைக்கவில்லை என்பதுதான் அவருக்கு முதலில் தோன்றியதாம்.

"மன்னிச்சிருங்க" என்று அவன் நிமிர்ந்தான். "நாங்க வேற வண்டி பாத்துக்கறோம்."

பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அதன் கண்டக்டர் கூரையைத் தட்டித் திட்டினான். குடைக்குள்ளிருந்து குழந்தை வீறிட்டது.

"பிள்ளை நனையுது" என்றார் அண்ணன், சாலையைப் பார்த்தபடி. "ஏறு."

தீரி பின்னால் ஏறினாள். அவன் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் தவித்தான்.

"முன்னால கூரை ஒழுகுது. பின்னால போ."

வண்டி நகர்ந்தது. மழைச் சத்தமும் குழந்தை அழுகையும்தான். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் குழந்தையின் குல்லா மட்டும் தெரிந்தது. மஞ்சள் குல்லா. அந்த நூலை கின் லே அக்கா எங்கள் கடைக்குப் பக்கத்துக் கடையில்தான் வாங்கினார். தனக்கு ஸ்வெட்டர் என்று சொல்லியிருந்தார், ரங்கூன் வெயிலில்.

"யாரு வரச் சொன்னது?" என்றார் அண்ணன்.

தீரி வாயைத் திறப்பதற்குள் ஜோ துன் முந்திக்கொண்டான். "நாங்களாத்தான் வர்றோம். அம்மாவுக்குத் தெரியாது."

"பஸ்ஸுல வர்றதுக்கென்ன? உன் பஸ்ஸுதானே ஊரெல்லாம் ஓடுது."

"பிள்ளையை வச்சுக்கிட்டு அந்த நெரிசல்ல எப்படி?"

"ம். தெரியுதில்ல?"

உள்ளே புழுக்கம். குழந்தை மூச்சுப் பிடித்து அழுதது. அண்ணன் கைப்பிடியை எடுத்துத் தோளுக்கு மேலே நீட்டினார். ஜோ துன் வாங்கினான். செருகினான். சுற்றினான். அது வெறுமனே சுற்றியது. இன்னொரு தடவை செருகினான்.

"குடுங்க" என்றாள் தீரி. குழந்தையை அவன் மடிக்கு மாற்றிவிட்டு, கதவை முழங்காலால் ஒரு இடி இடித்து, கைப்பிடியைச் சாய்வாக அழுத்திச் சுற்றினாள். கண்ணாடி விரல் அளவுக்கு இறங்கியது. காற்று வந்தது. குழந்தை அழுகையை நிறுத்தி, விக்கியது.

"இடிச்சாத்தான் கேக்கும்" என்று அவள் கணவனிடம் மெதுவாகச் சொன்னாள். "அந்தப் பக்கத்துக் கதவு அப்படி இல்ல, அது தூக்கணும்."

"அந்தப் பக்கமும் இப்ப இடிக்கணும்" என்றார் அண்ணன்.

அப்பாவும் மகளும் ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு பேசிக்கொண்டது அதுதான்.

பசுண்டான் நெருங்கும்போது தெருவே கால்வாயாகிவிட்டது. தண்ணீர் பம்பர் வரை ஏறி, வண்டி இருமி, நின்றுவிட்டது. அண்ணன் சாவியைத் திருகிப் பார்த்தார். முனகல்கூட இல்லை. இரண்டு பக்கமும் வண்டிகள் அலையடித்துப் போயின. கதவிடுக்கில் தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்தது. தீரி காலைச் சீட்டின் மேல் தூக்கிக்கொண்டாள்.

ஜோ துன் கட்டியிருந்தது புதுப் பட்டு லுங்கி. மாமனார் வீட்டுக்குப் போவதற்கென்று எடுத்தது. அதை முழங்காலுக்கு மேலே இழுத்துச் செருகிக்கொண்டு, கதவைத் திறந்து தண்ணீரில் குதித்தான். தனியாகத் தள்ளிப் பார்த்தான். நகரவில்லை. பிறகு டீக்கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்ற கூட்டத்தைப் பார்த்துக் கூவினான். அந்தக் குரல்! தாலாட்டு மாதிரி ஆரம்பித்து அடிக்கிற மாதிரி முடியும் அந்தக் கண்டக்டர் குரல்.

"வாங்க வாங்க வாங்க! பலசாலி எல்லாம் பின்னால வாங்க, அழகான ஆளெல்லாம் பக்கவாட்டுல வாங்க! உள்ள கைப்பிள்ளை இருக்குப்பா! டீ ஆறினா நான் சுட வச்சுத் தர்றேன், வாங்க! ஏ வெள்ளைச் சட்டைக்காரரே, சும்மா நின்னா டிக்கெட் கேப்பேன்!"

கூட்டம் சிரித்தது. சிரித்தவன் எல்லாம் இறங்கினான். வெற்றிலைக் கடைக்காரன் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தான். "ஒண்ணா... இன்னும் ஒண்ணா..." என்று ஜோ துன் எடுத்துக்கொடுக்க, வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நகர்ந்தது. மேட்டில் ஏறியதும் அண்ணன் கிளட்சை விட்டார். இரண்டு வெடி, ஒரு கரும்புகை. வண்டி பிடித்துக்கொண்டது. நிறுத்தினால் மறுபடி நின்றுவிடும். ஜோ துன் ஓடிவந்து பின்கதவில் தொற்றிக்கொண்டான். உள்ளே ஏறவில்லை. பழக்க தோஷம், வெளியே தொங்கியபடியே கூரையை இரண்டு தட்டுத் தட்டினான்.

"போலாம் ரைட்!"

தட்டிய பிறகுதான் யார் வண்டி என்று அவனுக்கு நினைவு வந்தது. கை அப்படியே நின்றது. பின் சீட்டில் தீரி வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் நிற்கவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அம்மா சிரிப்பதைப் பார்த்து, பல் இல்லாத வாயைத் திறந்து குழந்தையும் சத்தம் போட்டது. கண்ணாடியில் அண்ணன் இப்போது குல்லாவை மட்டும் பார்க்கவில்லை.

"கூரையில பெயிண்ட் பேந்துடும்" என்றார். "உள்ள வா."

நான் கடை வாசலில் தண்ணீர் தள்ளிக்கொண்டிருந்தேன். கத்தரிப்பூ வண்டி தெருவில் திரும்புவதை மாடியிலிருந்து பார்த்துவிட்டு கின் லே அக்கா மூச்சிரைக்கப் படியிறங்கி ஓடிவந்தார். கையில் கரண்டி, அதில் தேங்காய்ப்பால் சொட்டியது. மேலே கவுசுவே நூடுல்ஸுக்குக் குழம்பு கொதிக்கும் வாசனை தெரு வரை வந்தது.

"தம்பி! அவரு வந்துட்டாரு! அதுங்க வர்ற நேரம்! ஏதாவது சொல்லி அனுப்பி விடேன், தீ பிடிச்சிருக்குன்னாவது சொல்லு!"

நான் தீ எங்கே என்று யோசிப்பதற்குள் வண்டி எங்கள் முன்னால் நின்றது. பின்கதவு திறந்தது. முதலில் குடை, பிறகு தீரி, பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு, இடுப்புக்குக் கீழே சேறாக ஜோ துன். அக்காவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. தீரி குழந்தையை வாங்கி அம்மாவின் கையில் வைத்தாள்.

அண்ணன் இறங்கவில்லை.

"எனக்கு இன்னும் சவாரி நேரம் முடியல" என்று ஸ்டியரிங்கிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துப் போய்விட்டார்.

மேலே அவர்கள் காத்திருந்தார்கள். நான் கொஞ்ச நேரம் கழித்து டீ வாங்கத் தெருமுனைக்குப் போனேன். அங்கே சந்துக்குள் கத்தரிப்பூ வண்டி. முன் சீட்டில் ஆள் இல்லை. அண்ணன் பின் சீட்டில் உட்கார்ந்து தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னண்ணே, உங்க வண்டியில நீங்களே சவாரியா?"

"வேலு, மேல போனா நான் உக்காரணும். அதுங்க விழுந்து கும்பிடும். கும்பிட்டா நான் வாழ்த்திச் சொல்லணும்ல?"

"ஆமா. நோய் நொடி இல்லாம, நல்லா இருங்கன்னு சொல்லுங்க. எல்லாரும் சொல்றதுதானே."

"அதைத்தான் சொல்லிப் பாக்கறேன். 'நோய் நொடி இல்லாம'ன்னு ஆரம்பிக்கறேன். 'எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?'ன்னு முடியுது. நாலஞ்சு தடவை பாத்துட்டேன். எப்படி ஆரம்பிச்சாலும் அங்கதான் போய் நிக்குது." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழையில் நனையாத முகம் அது. "பிள்ளைங்க முன்னால அப்படி வந்துட்டா?"

"வந்தா வரட்டும்ண்ணே. திட்டுனாலும் அதுங்க எழுந்திரிச்சுப் போகாது."

"நிச்சயமா?"

"நீங்கதான் போவீங்க."

அவர் என்னை முறைத்தார். பிறகு கதவை முழங்காலால் இடித்துத் திறந்து இறங்கினார்.

முன்படி வழியாகத்தான் ஏறினார். நானும் பின்னால் போனேன். போயிருக்க வேண்டியதில்லை, இருந்தாலும் போனேன். ஜோ துன் அண்ணனின் பழைய கட்டம் போட்ட லுங்கியைக் கட்டியிருந்தான், அக்கா கொடுத்திருப்பார். அவனுக்கு அது கணுக்காலுக்கு மேலேயே நின்றது. அண்ணன் அதைப் பார்த்தார். புத்தர் மாடத்துக்குப் பக்கத்தில் மூங்கில் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தே விட்டார்.

தீரியும் அவனும் எதிரே மண்டியிட்டார்கள். மூன்று முறை நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட்டார்கள். கும்பிட்டு, கை குவித்தபடி தலையைக் குனிந்து காத்திருந்தார்கள். அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவோரம் நின்றார். நான் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "நோய் நொடி..." என்றார். நிறுத்தினார். தாடை அசைந்தது. அந்த இன்னொரு வாக்கியம் அவர் வாய்க்குள் வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. அவர் அதை விழுங்க நேரம் எடுத்தது.

"மழையில எங்க போவீங்க" என்றார் கடைசியாக. "மழை விடட்டும். விட்டப்புறம் நானே கொண்டு விடறேன்."

தீரியின் தோள் குலுங்கியது. அக்கா உடனே அடுப்படிக்குத் திரும்பிக் கிண்ணங்களை அடுக்க ஆரம்பித்தார், வேண்டியதைவிட அதிகச் சத்தமாக.

ஜன்னலுக்கு வெளியே மழை விட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. எதிர் மாடியில் ஈரத் துணிகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே பிள்ளைகள் மெழுகுவத்தி கொளுத்தத் தொடங்கிவிட்டார்கள். அண்ணனிடம் யாரும் சொல்லவில்லை.